வளைய வேண்டியது வண்டிதான்

குரங்கு பெடல் போட்டுச் சைக்கிள் பழகியவர்களுக்கு ஒரு வித்தை தெரியும். வண்டி பெரிதா? பாருக்கு அடியில் காலை நுழைத்து, இடுப்பை ஒடித்து, உடம்பை வண்டிக்குப் பொருத்திக்கொள்வோம். மூளை முடக்குவாதம் உள்ள ஐந்து வயதுப் பிள்ளையால் அது முடியாது. கால் தசைகள் இறுகி, முட்டியோடு முட்டி உரசும். குதிகால் தரையில் படியாது. அங்கே வண்டிதான் வளைந்துகொடுக்க வேண்டும்.

முதலில் பாதம். ஒரு சுற்று முடிவதற்குள் பெடலை விட்டு வழுக்கிவிடும். முழுப் பாதமும் பதிகிற மாதிரி பெடல்மேல் ஒரு பலகை, குதிகால் நழுவாமல் பின்னால் ஒரு தடுப்பு, மேலே வெல்க்ரோ பட்டை போதும். பலகையின் அடியில் சின்ன இரும்புத் துண்டு ஒன்றையும் பொருத்திவிட்டால் அது கவிழாமல் எப்போதும் மேல்முகமாக நிற்கும். தினமும் குனிந்து காலை எடுத்து வைக்கும் அம்மாவுக்குத்தான் அந்தத் துண்டின் அருமை தெரியும்.

அடுத்து பெடலைத் தாங்கும் கிராங்க். முட்டி நன்றாக மடங்காத பிள்ளைக்கு நீளக் கிராங்க் வதை. கிராங்கில் உள்தள்ளி இன்னொரு துளை போட்டு மரை வெட்டினால் கால் சுற்றும் வட்டம் சிறுத்துவிடும். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை. மறந்தால் மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடும். இதைச் சைக்கிள் கடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கால் மட்டும் வலுவாக இருந்தால், மிதித்த பெடல் கீழே போய் அங்கேயே நின்றுவிடும். ஃப்ரீவீலை எடுத்துவிட்டுச் சக்கரத்தோடு பெடலும் சேர்ந்தே சுற்றும்படி செய்தால், ஓட்டத்தின் வேகமே அதை மேலே தூக்கிக் கொடுக்கும். ஆனால் இறக்கத்தில் இதுவே ஆபத்து. கட்டிய காலோடு பெடல் பறக்கும். அதனால் பின்னால் ஒரு தள்ளுகம்பியும், அதில் பெரியவர் கைக்கு எட்டும் பிரேக்கும் இருந்தே ஆக வேண்டும்.

கடையில் விற்கும் பக்கச் சக்கரங்களை நான் நம்புவதில்லை. தரையை விட்டுச் சற்று மேலே நிற்பதால் வண்டி அப்படியும் இப்படியும் சாயும். மற்ற பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இந்தப் பிள்ளையோ திடுக்கிட்டு உடம்பை விறைத்துக்கொள்ளும். அகலமாக அமைந்த மூன்று சக்கர வண்டி நல்லது. அதிலும் முன்சக்கரத்திலேயே பெடல் உள்ள பொம்மை வண்டி வேண்டாம். ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில் பார் திரும்பும்.

இதெல்லாம் புதுமை என்று நினைத்தால் தவறு. ஜெர்மனியின் நியூரம்பெர்க் அருகே, நடக்க முடியாத கடிகாரக் கலைஞர் ஸ்டெஃபன் ஃபார்ஃப்ளர் 1655-இல் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைத் தனக்காகவே செய்துகொண்டார். பெடல் வைத்த சைக்கிள் வர அதன்பின் சுமார் 200 ஆண்டுகள் ஆயின. மற்றவர்கள் செய்து மாட்டினால் கதையே வேறு. மெக்சிகோவின் மலைக்கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்த டேவிட் வெர்னருக்குச் சிறுவயதிலேயே கால் பலவீனம். மருத்துவர்கள் மாட்டிவிட்ட இரும்புச் சட்டம் நன்மையைவிடத் தீமையே செய்தது என்று அவர் எழுதியிருக்கிறார். போட்டுக்கொள்பவரை யாரும் கேட்கவில்லை.

வேலையைத் தொடங்குமுன் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் இடுப்பு மூட்டைப் பார்த்து, மிதிக்கலாம் என்று சொல்ல வேண்டும். பிறகு பக்கத்திலுள்ள வெல்டிங் பட்டறை போதும். போகும்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போங்கள். உட்காரவைத்து அளவெடுங்கள், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். பெயின்ட் என்ன நிறம் என்பதையும் பிள்ளையே சொல்லட்டும்.