மேய்ச்சல் நிலத்து அரிப்போடைகளும் ஆற்று நீரின் கலங்கலும்

மழை ஓய்ந்த மறுநாள் ஆற்று நீர் செந்நிறமாகக் கலங்கி ஓடுமாயின், அதன் காரணத்தை ஆற்றங்கரையில் மட்டும் தேடினால் போதாது. பல கல் தொலைவிலுள்ள மேட்டு நிலங்களில், ஆடு மாடுகள் மேயும் சரிவுகளில் தோன்றிய அரிப்போடைகளே பல இடங்களில் அதற்கு மூலமாக இருக்கின்றன.

புல் போர்த்திய நிலத்தில் மழைத்துளியின் வேகம் தணிந்து, நீர் மண்ணுள் இறங்குகிறது. அளவுக்கு மிஞ்சி மேய்க்கப்பட்ட நிலமோ குளம்புபட்டு இறுகிவிடுவதால், நீர் சரிவில் ஓடத் தொடங்குகிறது. கால்நடைகள் நாள்தோறும் நடந்த தடமே அதற்கு வாய்க்காலாகிறது. ஓரிடத்தில் நீர் செங்குத்தாக விழ நேர்ந்தால், அடிமண் கரைந்து, மேல்மண் ஆதரவிழந்து சரிகிறது. இவ்வாறு ஓடையின் தலைப்பு மழைக்கு மழை மேட்டை நோக்கி நகர்கிறது. நீர் கீழ்நோக்கி ஓட, பள்ளம் மேல்நோக்கி வளர்வது கண்டறியத்தக்க விந்தையே.

ஆதலின் முதலில் தலைப்புக்கு மேலே சமமட்ட வரப்புகளும் பள்ளங்களும் அமைத்து, வரும் நீரைத் திருப்புதல் வேண்டும். ஓடையினுள் கல்லாலோ மிலாறுகளாலோ சிறு தடுப்பணைகள் கட்டப்படுகின்றன. கீழணையின் உச்சி மேலணையின் அடிமட்டத்திற்கு ஒத்திருக்குமாறு இடைவெளி விடுவது முறை. அணையின் நடுப்பகுதி தாழ்ந்திருத்தல் இன்றியமையாதது. இன்றேல் வெள்ளம் பக்கக் கரையை அறுத்துக்கொண்டு புதுவழி காணும்.

எனினும் தடுப்பணைகளின் பின்னே தங்குவது பெரும்பாலும் மணலும் சரளையுமே. நீரைக் கலக்கும் நுண்ணிய களிமண் துகள்கள் எளிதில் படியமாட்டா. பாஸ்பரஸ் முதலிய சத்துக்களைச் சுமந்து அவை ஆற்றையும் ஏரியையும் அடைகின்றன. ஒளியை மறைத்து நீர்த்தாவரங்களை நலிவிக்கின்றன. குடிநீர் நிலையங்களின் செலவையும் பெருக்குகின்றன. களிமண்ணைப் பிறந்த இடத்திலேயே நிறுத்தவல்லது புல்லின் வேர் ஒன்றே. புல் வளர வேண்டுமாயின் மேய்ச்சல் அடங்க வேண்டும். பொறியியல் முடிந்து மனிதர் தொல்லை தொடங்கும் இடம் இது.

சிவாலிக் குன்றுகளின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. அங்குள்ள காட்டாறுகளுக்குச் 'சோ' என்று பெயர். ஆண்டின் பெரும் பகுதி அவை வெறும் மணற்படுகைகள். அவற்றின் அழிவைத் தடுக்க 1900-இலேயே பஞ்சாபில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. கக்கர் ஆற்றைச் சென்று சேரும் சுக்னா சோவின் குறுக்கே 1958-இல் சண்டிகரில் ஏரி அமைத்தனர். 1970-களின் நடுப்பகுதிக்குள் அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டலால் தூர்ந்துபோயிற்று.

மூலத்தைத் தேடிய மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் சண்டிகர் நிலையத்தார், பி. ஆர். மிஸ்ரா தலைமையில், சுக்கோமாஜ்ரி என்னும் சிற்றூரை அடைந்தனர். குஜ்ஜர் இனத்தாரின் ஆடுகள் அங்கே குன்றுகளை மொட்டையாக்கியிருந்தன. ஓடைகளில் தடுப்பணைகளும் சரிவுகளில் கன்றுகளும் வைக்கப்பட்டன. ஆயினும் மேய்ச்சல் நிற்கவில்லை. வேறு பிழைப்பற்றவனிடம் ஆட்டை விலக்கு என்று கூறுவது எளிது; அவன் கேட்பான் என எதிர்பார்ப்பதுதான் அரிது.

1976-இல் அங்கு ஒரு மண்ணணை கட்டப்பட்டது. அதில் தேங்கிய நீரை வாடிய கோதுமைப் பயிருக்குப் பாய்ச்சியபின் ஊராரின் எண்ணம் மாறிற்று. குன்றில் ஆடு ஏறினால் அணையில் மண் சேரும் என்பதை இப்போது எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் நீர் நிலமுடைய சிலருக்கே பயன்பட, மற்றவர்கள் முறையிட்டனர். நிலமற்றவர் உட்பட ஒவ்வொரு குடும்பத்திற்கும் சமபங்கு உண்டு என்று முடிவான பிறகே மேய்ச்சலைக் கைவிடும் உடன்பாடு நிலைத்தது. முள்வேலிக்குப் பதில் ஊராரே வேலியாயினர். ஆடுகள் குறைந்து, தொழுவத்தில் கட்டித் தீனியிடும் எருமைகள் பெருகின. முன்னர்க் குத்தகைக்காரர் வசமிருந்த பப்பர்ப் புல்லை அறுக்கும் உரிமையும் ஊர்ச் சங்கத்திற்குக் கிடைத்தது. அப்புல் காகித ஆலைகளுக்கு விலைபோயிற்று.

ஏரிக்கு வந்த வண்டல் பெரிதும் குறைந்தது. பின்னாளில் ஊரிலுள்ள அணைகள் சில தூர்ந்தன, சங்கமும் தளர்ந்தது. அணை தூர்ந்தால் பங்கிட நீர் இராது. பங்கு இல்லாதவன் ஆட்டைக் குன்றுக்கு ஓட்டாமலிருக்கக் காரணமும் இராது. ஆதலின் இத்தகைய திட்டங்களின் மதிப்பீட்டில், கட்டும் செலவுடன் ஆண்டுதோறும் தூர்வாரும் செலவையும் முதலிலேயே சேர்த்தல் வேண்டும்.