13 கோடி கார்டு எண்கள் "அபேஸ்"! புரோகிராம் படிப்போர் உஷார்!

பல்லடம்,-
கறிக்கோழி, விசைத்தறி, நூல் என்று பல்லடத்து வியாபாரக் கணக்கெல்லாம் நோட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு மாறி வருகிறது. அதை இணையதளத்தில் காட்ட புரோகிராம் படிக்கும் வாலிபர்கள் முதலில் கற்க வேண்டியது எது? பூட்டுப் போடத்தான்!

அமெரிக்காவில் ஆல்பர்ட் கோன்சலஸ் என்ற வாலிபர் கூட்டாளிகளுடன் ஹார்ட்லாண்ட் உள்ளிட்ட கம்பெனிகளில் கைவரிசை காட்டி, சுமார் 13 கோடி கார்டு எண்களை அள்ளினார். சுவர் ஏறவில்லை, கத்தி காட்டவில்லை. 2010 மார்ச்சில் பாஸ்டன் கோர்ட்டு 20 ஆண்டு ஜெயில் தண்டனை விதித்தது.

நுழைந்தது எப்படி?

கணக்குப் பெட்டகமான டேட்டாபேசிடம் "எஸ்.கியூ.எல்." மொழியில் கேள்வி கேட்க வேண்டும். "பெயர்" கட்டத்தில் வந்ததை அப்படியே கேள்வியோடு ஒட்டினால் வந்தது வினை. பெயருக்குப் பதில் ஒரு மேற்கோள் குறியும் கட்டளையும் தட்டினால், அதையும் முதலாளி உத்தரவு என்று நம்பி டேட்டாபேஸ் எல்லாத்தையும் கொட்டிவிடும்!

தடுப்பது சுலபம். கேள்வியைத் தனியாக அனுப்பணும். பெயரை அப்புறம் தனியாகக் கொடுக்கணும். "பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்" என்பது இதுதான். பிறகு எதைத் தட்டினாலும் அது வெறும் பெயர், உத்தரவு ஆகாது.

ஜாவா, பி.எச்.பி., பைதான் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. கூடுதல் செலவு? காலணா கிடையாது!