காலாங் ஆற்றுக்கு இடம் விட்டபோது

இருபது ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் நடந்தவர்களுக்கு அங்கே ஆறு ஓடுவதே தெரியாது. பூங்கா ஓரமாக, வேலிக்கு அப்பால், பெரிய சிமெண்டுக் கால்வாய் ஒன்று கோடு போட்டதுபோல் நேராகப் போகும். மழை இல்லாத நாளில் அடியில் கொஞ்சம் தண்ணீர், மற்றபடி வெயிலில் தகிக்கும் சிமெண்டு. எல்லாருக்கும் அது லோங்காங்தான், வெறும் வடிகால். ஆனால் அதுதான் காலாங் ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் வரும், இந்தத் தீவிலேயே நீளமான ஆறு.

சிமெண்டு போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 1978 டிசம்பரில் ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது. வந்த தண்ணீர் சீக்கிரம் கடலுக்குப் போய்விட வேண்டும் என்பதுதான் அன்றைய கவலை.

கீழே, காலாங் படுகைப் பக்கம், துயரம் வேறு. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைக் கழிவெல்லாம் ஆற்றில்தான் கலந்தது. பத்து ஆண்டுகளில் இதில் தூண்டில் போட்டு மீன் பிடிக்க வேண்டும் என்று 1977இல் பிரதமர் லீ குவான் இயூ கெடு வைத்தார். 1987இல் ஆறு தெளிந்தது. அதற்காகப் பண்ணையையும் கம்பத்து (கிராமத்து) வீட்டையும் விட்டுக் கிளம்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களை நினைக்காமல் இந்தத் தண்ணீரைப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.

தண்ணீர் தெளிந்தபின்னும் பீஷானில் ஆறு சிமெண்டுக்குள்தான் கிடந்தது. கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பு, பூங்கா தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு, நடுவில் வேலி. இரண்டு கழகங்களும் சேர்ந்து உட்கார்ந்து அந்த வேலியை எடுத்ததைத்தான், கால்வாயை மறுபடி ஆறாக்கிய திட்டத்தின் பெரிய வேலை என்பேன். 2009இல் தொடங்கி 2012 மார்ச்சில் திறந்தார்கள். 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறானது. 17 முதல் 24 மீட்டர் அகலத்தில் அடைபட்டிருந்த வெள்ளத்துக்கு இப்போது ஏறக்குறைய 100 மீட்டர் இடம். பெருமழையில் புல்வெளியும் ஆறாகிவிடும். முன்பைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிகத் தண்ணீரை ஆறு தாங்குகிறது. நிலம் இவ்வளவு அருமையான ஊரில் ஆற்றுக்கு நிலத்தைக் கொடுத்தார்களே, அதைத்தான் நான் மீண்டும் மீண்டும் வியக்கிறேன்.

சிமெண்டு இல்லாமல் கரை நிற்குமா? பூங்காவின் பக்க ஓடை ஒன்றில் 60 மீட்டருக்குப் பல விதமாகக் கரை கட்டி முதலில் சோதித்துப் பார்த்தார்கள். கல் இடுக்குகளில் துளிர்க்கக்கூடிய குச்சி நட்டார்கள். மண்ணைத் துணியில் பொதிந்து அடுக்கினார்கள். குச்சிகளைக் கட்டுக்கட்டாகப் பதித்தார்கள். இன்று கரையைப் பிடித்து நிறுத்துவது வேர்தான். உடைத்தெடுத்த பழைய சிமெண்டுப் பாளங்களைப் பூங்காவிலேயே ஒரு மேடாக அடுக்கியிருக்கிறார்கள். ஏறி நின்றால் காலடியில் அந்த லோங்காங்.

அப்புறம் நீர்நாய்கள் வந்தன. 1970களில் இந்தத் தீவில் இல்லாமலே போனவை, 1998இல் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் மறுபடி தென்பட்டன. 2014 வாக்கில் ஒரு சோடி பீஷானுக்கு வந்து குட்டி போட்டது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. காலையில் போனால் பார்க்கலாம்: மீனை முன்கால்களில் இறுகப் பிடித்து, தலையிலிருந்து மொறுமொறுவென்று கடித்துத் தின்னும். குட்டி கீச்சிட்டுக்கொண்டே தாயின் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கும். இவற்றோடு வாழ்வது எளிதென்று சொல்லவில்லை. வீட்டுக் குளத்து வண்ண மீன்களைத் தின்றுவிடுகின்றன. 2021இல் தாவரவியல் பூங்காவில் ஒருவரைக் கடித்துக் காயப்படுத்தின. எட்டி நின்று பார்க்கப் பழகவேண்டியவர்கள் நாம்தான்.

மழை வலுத்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், சங்கு ஊதும், எல்லாரும் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். மறுநாள் காலை போய்ப் பாருங்கள். நடைபாதைக்குக் கீழே புல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், சீப்பால் வாரிவிட்டதுபோல. அதற்குமேல் நிமிர்ந்த புல். இரண்டும் சேரும் கோடுதான் ஆறு முந்தின நாள் வந்துபோன இடம். அந்த ஈரத்தில், மீன் செதில் மின்னும் நீர்நாய் எச்சம்.