உங்களுக்குத் தெரியுமா? ராயபுரம் வீட்டுச் சுவருக்குள் இன்னோர் அறை!

உங்கள் அறை பத்துக்குப் பத்தா? தரை 100 சதுர அடி. கூரை 12 அடி உயரமா? அப்படியானால் நான்கு சுவர்களின் பரப்பு 480 சதுர அடி! இத்தனை நாளாகத் தரையை மட்டுமே அளந்துகொண்டிருந்தீர்களா?

12 அடியா என்று மலைக்க வேண்டாம். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் தேரடிப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். ஃபேனைத் துடைக்கவே ஏணி வேண்டும்! அந்த உயரம்தான் உங்கள் சொத்து!

அந்தக் கூரையை உற்றுப் பார்த்ததுண்டா? குறுக்கே தேக்கு உத்தரங்கள். மேலே குட்டிக் குட்டிச் செங்கற்கள். ஒவ்வொன்றின் கனமும் ஒரே ஓர் அங்குலம்! படுக்க வைத்ததல்ல, நிறுத்தி வைத்தது. நேராகவும் அல்ல, சாய்கோணத்தில்! ஒரு இரும்புக் கம்பிகூட இல்லாமல் நூறாண்டு தாண்டி நிற்கிறது. உலகமே இதை 'மெட்ராஸ் டெரஸ்' என்கிறது. நம் ஊர்ப் பெயர்!

ராயபுரம் ரயில் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தது 1856 ஜூன் 28. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது! ரயில் வந்தது, துறைமுகம் வந்தது, ஆலைகள் வந்தன, ஆட்கள் குவிந்தார்கள். ஒரு குடும்பம் இருந்த வீட்டில் நான்கு குடும்பங்கள்! ஒண்டுக்குடித்தனத்தில் இடத்தை மிச்சம் பிடிக்கும் கலையை இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

இப்போது சுவருக்கு வருவோம். செங்கல்லின் நீளம் 9 அங்குலம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்கள் பலவற்றில் அதைப் போல இரண்டு மடங்கு கனம்! 18 அங்குலம்! அந்தக் காலத்துக் கொத்தனார் சுவர் எழுப்பும்போதே பாதிக் கனத்தைக் குடைவாக விட்டுவிடுவார். அதுதான் மாடக்குழி, அதுதான் சுவர் அலமாரி. 3 அடி அகலம், 6 அடி உயரம், 9 அங்குல ஆழம் என்று ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் உள்ளே 13 கன அடிக்கும் மேல் இடம் இருக்கிறது. தரையில் அது பிடிக்கும் இடம்? பூஜ்யம்!

வெள்ளையடிக்கும்போது இதையெல்லாம் அடைத்துவிடுகிறார்களே! தயவுசெய்து அடைக்காதீர்கள். ஒரு கதவு போட்டால் போதும், ஒரு பீரோ செலவு மிச்சம்!

பீரோ என்றதும் ஞாபகம் வருகிறது. கோத்ரேஜ் கம்பெனி இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது 1923-இல்! நூறு வருடமாக நம் கல்யாணச் சீர்வரிசையில் அது நிற்கிறது. கணக்கு பாருங்கள். 3 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். நாலரை சதுர அடி போச்சு. கதவு திறக்க முன்னால் இன்னொரு நாலரை. மொத்தம் 9! பத்துக்குப் பத்து அறையில் நூற்றுக்கு ஒன்பது பங்கு பீரோவுக்கு!

கதவும் இடத்தைத் தின்னும், தெரியுமா? இரண்டரை அடி அகலக் கதவு ஒருமுறை திறந்து மூட ஏறக்குறைய 5 சதுர அடித் தரை காலியாக இருக்க வேண்டும். ஸ்லைடிங் கதவுக்கு? அதுவும் பூஜ்யம்!

கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது? பழைய சூட்கேஸும் தூசியும்தானே! 6 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரத்துக்குக் கட்டிலையே பெட்டியாக அடித்துவிடுங்கள். உள்ளே 680 லிட்டர் இடம்! வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில் 34 கேன்!

பரண் அதையும் மிஞ்சும். 12 அடி உயர அறையில் 8 அடிக்கு மேல் ஒரு பரண். 2 அடி அகலம், அறையின் நீளம் முழுக்க. கூரைவரை 80 கன அடி! போகி வந்தால் மட்டும் இறக்கும் சாமான்கள், கொலு பொம்மைகள், கிறிஸ்துமஸ் குடில், பெரிய அண்டா எல்லாம் மேலே! கீழே நீங்கள் தலை நிமிர்ந்து நடக்கலாம்!

மாடிப்படிக்கு அடியில் செருப்பும் துடைப்பமுமா? 10 படிகள், ஒவ்வொன்றும் 7 அங்குல உயரம், 10 அங்குல அகலம், படிக்கட்டு 3 அடி அகலம் என்று வையுங்கள். படிக்கட்டின் கனத்தைக் கழித்த பிறகும் 50 கன அடி! மளிகை ஒரு பக்கம், இஸ்திரிப் பெட்டியும் துணியும் இன்னொரு பக்கம். தையல் மெஷினே உள்ளே போய்விடும்!

சுவரில் கீல் வைத்த மடிப்பு மேசை தெரியுமா? விரித்தால் 3 அடிக்கு 2 அடி. 6 சதுர அடி! மடித்தால் 2 அங்குலக் கனம். தரையில் அரை சதுர அடி! பிள்ளை படித்து முடித்ததும் மேசை காணாமல் போகும், அங்கேயே பாய் விரிக்கலாம்!

இதோ, இதற்காகத்தான் காத்திருந்தேன்! உலகிலேயே இடம் சேமிக்கும் சாமான்களை மலை மலையாகச் செய்து தள்ளிய இடங்களில் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை! நேரு திறந்துவைத்தது 1955 அக்டோபர் 2-இல்!

ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டி ஒன்றின் நீளம் 21.3 மீட்டர், அகலம் 3.2 மீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் சுமார் 745 சதுர அடி. ஒரு சின்ன இரண்டு படுக்கையறை ஃபிளாட்! அதற்குள் எத்தனை பேர் படுத்துத் தூங்குகிறார்கள்? 72 பேர்! நடைபாதை, கழிவறை எல்லாம் சேர்த்தே ஆளுக்கு 10 சதுர அடிதான்!

எப்படி முடிகிறது? பகலில் நீங்கள் முதுகு சாய்க்கும் பலகைதான் இரவில் நடு பெர்த்! இரண்டு சங்கிலி, அவ்வளவுதான். சைடு லோயரில் எதிரெதிர் இரண்டு இருக்கைகள். சாய்மானங்களை மடக்கினால் ஒரே கட்டில்! ஒரு சாமானுக்கு இரண்டு வேலை. பலமுறை அதில் படுத்துத் தூங்கியிருப்பீர்கள். வீட்டில் செய்து பார்க்கலாமே என்று ஒருமுறையாவது தோன்றியதா? நல்ல ஆசாரி கிடைத்தால் ராயபுரத்துச் சந்து வீட்டிலும் நடு பெர்த் போடலாம்!

எண்ணூரும் சளைத்ததல்ல! 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ்தான் இன்றைய அசோக் லேலண்ட். எண்ணூரில் அவர்களுக்கு ஆலை. தொலைதூர லாரி கேபினைப் பார்த்திருக்கிறீர்களா? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பலகை. பகலில் பெஞ்சு, இரவில் படுக்கை! ஒரு மனிதரின் மொத்தக் குடித்தனமும் அந்தக் கேபினுக்குள்!

துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களுக்குள் கட்டில், மேசை, அலமாரி எல்லாமே சுவரோடும் தரையோடும் பிணைத்தவை. அலையில் ஒன்றும் உருளக் கூடாதே! அதனால் அலமாரித் தட்டுகளின் விளிம்பிலும் ஒரு கட்டை எழும்பி நிற்கும். அந்தக் கட்டையை உங்கள் சமையலறைத் தட்டிலும் வையுங்கள். டப்பா சரியவே சரியாது!

காசிமேட்டு விசைப்படகுகளின் மேல்தளத்துக்கு அடியில் என்ன? ஐஸ் அறை! படகின் வயிற்றிலேயே கட்டியது. தனியாக ஒரு பெட்டி வைக்க அங்கே இடமேது!

சரி, மாடுலர் கிச்சனுக்குத் தாய் எது தெரியுமா? ரயில்! உண்மையாகவே! ஆஸ்திரியாவின் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் குறுகலான சமையல்கூடம்தான் அவருக்கு முன்மாதிரி. எல்லாமே சுவரோடு பதித்தவை. அரிசி, மாவு, சர்க்கரைக்கெல்லாம் பெயர் எழுதிய அலுமினியப் பெட்டிகள். இழுத்து அப்படியே கொட்டலாம்! இஸ்திரிப் பலகையும் சுவரிலிருந்தே மடிந்து இறங்கும்! மொத்த அளவு 70 சதுர அடிகூட இல்லை. கட்டப்பட்டவை சுமார் 10,000!

அவர் எத்தனை வயது வாழ்ந்தார் தெரியுமா? 103-ஆவது பிறந்தநாளுக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, 2000-ஆம் ஆண்டில் மறைந்தார்!

நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்குக் கேட்கும் குறைந்த அளவு 5 சதுர மீட்டர். 54 சதுர அடி! உங்கள் பழைய வீட்டு அடுப்படி அதற்கும் சின்னதா? கவலையை விடுங்கள், சுவர் இருக்கிறதே!

கடப்பா கல்லை மறந்துவிடாதீர்கள்! சமையலறைச் சுவரில் பதித்த கறுப்புக் கல் தட்டு. கரையான் தின்னாது, துருப்பிடிக்காது, தண்ணீரில் ஊதாது. சென்னை வீடுகளின் ஒப்பற்ற வீரன் என்று தயங்காமல் சொல்வேன். இதைப் பெயர்த்தெடுத்துவிட்டு மரத்தூள் பலகை மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது!

கல் தட்டு பழசு என்கிறீர்களா? எவ்வளவு பழசு தெரியுமா? ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவில் ஸ்காரா பிரே என்றொரு குடியிருப்பு. 1850-இல் ஒரு புயல் மணலை வாரிக்கொண்டு போனதும் வெளியே தெரிந்தது. உள்ளே கல் கட்டில், சுவரோரம் கல் அடுக்கு அலமாரி! வயது சுமார் 5,000 ஆண்டு!

துருக்கியின் சாத்தல்ஹூயுக்கில் இன்னும் பழசு. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய வீடுகளில் மண்ணாலேயே மேடை கட்டி அதில் உட்கார்ந்தார்கள், படுத்தார்கள். வீட்டுக்குள் நுழைவது? கூரை வழியாக!

நம் திண்ணை மட்டும் என்னவாம்! சோபா, கட்டில், வரவேற்பறை மூன்றும் ஒரே மேடையில். நகர்த்த வேண்டாம், மெத்தை வேண்டாம், உடையாது! இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இந்த உத்தியை விடவே இல்லை. செங்கல்லிலேயே இருக்கை, செங்கல்லிலேயே அலமாரி! 1990-இல் பத்மஸ்ரீ!

டோக்கியோவில் 1972-இல் கட்டிய நகாகின் கோபுரத்தில் 140 கேப்சூல் வீடுகள். ஒவ்வொன்றும் 10 சதுர மீட்டர். சுமார் 108 சதுர அடி! கட்டில், மடிப்பு மேசை, குளியலறை எல்லாம் உள்ளேயே பதித்தவை. 2022-இல் இடித்துவிட்டார்கள்!

ஹாங்காங் கட்டடக் கலைஞர் கேரி சாங் செய்தது அதைவிட அதிசயம். அவர் வளர்ந்த ஃபிளாட் 32 சதுர மீட்டர், 344 சதுர அடி. அப்பா, அம்மா, மூன்று தங்கைகளோடு அதற்குள்தான் இருந்தார். பெரியவரானதும் சுவர்களுக்குச் சக்கரம் வைத்து மேலே தண்டவாளத்தில் ஓடவிட்டார். சுவரைத் தள்ளினால் சமையலறை, இன்னும் தள்ளினால் குளியல் தொட்டி, மடக்கி இறக்கினால் கட்டில். ஒரே அறை 24 விதமாக மாறும்!

344 சதுர அடி எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உள்ளளவு வரம்பு 30 சதுர மீட்டராக இருந்தது. 323 சதுர அடி! ஏறக்குறைய அதே அளவு! 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கிய அமைப்பு வடசென்னையில் எத்தனை அடுக்குமாடிகள் எழுப்பியிருக்கிறது! அத்தனை வீட்டிலும் சுவர் அலமாரியும் பரணும் கட்டும்போதே சேர்த்துக் கட்டித் தர வேண்டும் என்பது என் ஆசை. குடிவந்த பிறகு கடன் வாங்கி பீரோ வாங்கும் வேலையே இருக்காதே!

இனி கடற்காற்று! திருவொற்றியூரில் சாதாரண இரும்புக் கீல் போட்டீர்களானால் துரு நிச்சயம். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கும். உப்பை எதிர்ப்பது அதுதான்!

பிளைவுட் வாங்கப் போகிறீர்களா? சென்ட்ரல் பக்கம் வால்டாக்ஸ் ரோடு கடைகளில் பலகையின் முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 710 என்று இருந்தால் மரைன் பிளைவுட். அந்த முத்திரைக்காக அதன் துண்டை என்ன செய்கிறார்கள் தெரியுமா? கொதிக்கும் தண்ணீரில் போடுகிறார்கள். 72 மணி நேரம்! ஒட்டு விடக் கூடாது!

அலமாரியின் முதுகைக் கடல் பார்த்த சுவரோடு ஒட்டாதீர்கள். ஓர் அங்குலம் இடைவெளி விடுங்கள். கதவில் நாலைந்து ஓட்டை போடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையிலும் துணியில் பூஞ்சணம் மிகவும் குறையும்!

முக்கியமான ஒன்று! இருக்கிற குழியைப் பயன்படுத்துங்கள், புதிதாகச் சுவரைக் குடையாதீர்கள். அந்தப் பழைய வீட்டில் கான்கிரீட் தூண் கிடையாது, கான்கிரீட் பீம் கிடையாது. மேல்தளம் முழுவதையும் சுவர்தான் சுமக்கிறது! டிரில் எடுக்குமுன் ஒரு பொறியாளர் பார்க்க வேண்டும். உங்கள் தலைக்கு மேல் பக்கத்துக் குடித்தனமும் இருக்கிறது!

கடைசிக் கணக்கு. 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்றை 1 அடி அகலத் தட்டுகளாக அறுத்தால் 32 அடி நீளத் தட்டு. இரண்டரை அடிக்கு ஒரு தாங்கி கொடுங்கள், தொய்யாது. அங்குலத்துக்கு ஒரு புத்தகம் என்றால் எத்தனை வைக்கலாம்? 384!