மேலே பச்சை, கீழே வெறுந்தரை

மேற்குத் தொடர்ச்சி மலையில் 56,825 சதுர கிலோமீட்டரை சுற்றுச்சூழல் உணர்திறன் மிக்க பகுதியாக்கும் வரைவு அறிவிக்கை 2024 ஜூலை 31 தேதியிட்டது. வயநாட்டில் மலை சரிந்தது அதற்கு முந்தைய நாள். ஆட்சேபம் சொல்லத் தந்த 60 நாள் 2024-லேயே முடிந்துவிட்டது. தேனி மாவட்டப் போடியிலிருந்து வந்த கடிதங்கள் பலவற்றிலும் ஒரே கேள்வி: ஏலக்காய்த் தோட்டம் போய்விடுமா?

போகாது. வரைவு தடுப்பது சுரங்கம், கல்குவாரி, மணல் அள்ளுதல், அனல்மின் நிலையம், பெருங்கட்டடங்கள் போன்றவற்றை. விவசாயம் அந்தப் பட்டியலில் இல்லை. தவிர, இது ஆறாவது வரைவு; முந்தைய ஐந்தும் இறுதியாகவில்லை.

“மரம் நிற்கிற மலையில் மண் எப்படிப் போகும்?” என்று கடிதங்களில் வந்த இன்னொரு கேள்விதான் விவரமாகப் பேச வேண்டியது. அரசுக் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் 10 சதவீதம் மரநிழல் இருந்தாலே அது ‘வனப்பரப்பு’. தனியார் தோட்டமும் சேர்த்தி. செயற்கைக்கோளுக்குத் தெரிவது உச்சி மட்டும்தான். மண் போவதோ தரையில். உயர்ந்த மரத்தின் இலைகளில் சேர்ந்து பெருத்துச் சொட்டும் துளி, சாதாரண மழைத்துளியைவிடப் பெரிது. பத்து மீட்டர் விழுந்தால் கிட்டத்தட்ட முழு வேகம் பிடித்துவிடும். அதைத் தாங்குவது சருகும் செடிகொடியும்தான். களைக்கொல்லி தெளித்துத் துடைத்த தரையில் அந்த நிழல் மரமே மண்ணைக் குத்திக் கிளப்புகிறது. தென்மேற்குப் பருவமழைக்கு முன் கவாத்து செய்த கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே போட்டால் தண்ணீர் நின்று நின்று இறங்கும். ஆனால் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு விறகும் வேண்டுமே!

போடிக்கு மேலே உள்ள போடிமெட்டுக்கு மேற்கே மேட்டுநிலம் அலையலையாகக் கிடக்கிறது, ஏலம் அங்கே. கிழக்கே மலை செங்குத்தாக இறங்குகிறது. அந்தச் சரிவில் காப்பி, இலவம், அடிவாரத்தில் மா. இந்தப் பக்கம் கரையும் மண் கொட்டகுடி ஆற்றில் இறங்கி வைகைக்குப் போகிறது. 1959-ல் திறந்த வைகை அணையைத் தூர்வாருவது பற்றி அடிக்கடி அறிவிப்பு வருகிறது. மேலே சரிவில் யார் என்ன செய்ய வேண்டும் என்று எந்த அறிவிப்பிலும் நான் பார்த்ததில்லை.

மற்ற கேள்விகள் சுருக்கமாக:

30 சதவீதச் சரிவு என்றால் 30 டிகிரியா? இல்லை, சுமார் 17 டிகிரி.

வெட்டிவேர் போதுமா? வழிந்தோடும் மண்ணைப் பிடிக்கும்; மலை சரிந்தால் பிடிக்காது.

2024-ல் ஆட்சேபம் யாருக்கு அனுப்ப வேண்டியிருந்தது? மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகச் செயலருக்கு. கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ.