தொட்டியில் டிராகன் பழம்: பத்து வாளி கணக்கில் மண் கலவை

டிராகன் பழச் செடி வறட்சியைத் தாங்கும். வேரடியில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது. கோடையில் தண்ணீர் இல்லாமல் சுருங்கிப்போன தண்டுகூட நல்ல மழை ஒன்று பெய்தால் மீண்டும் தடித்துவிடும். ஆனால் சொதசொதத்த மண்ணில் நாள் கணக்கில் நின்ற செடிக்கு அடித்தண்டு மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் கொழகொழவென்று அழுகும். அழுகல் வெளியில் தெரியும்போது வேர் பெரும்பாலும் போயிருக்கும். ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை வடகிழக்குப் பருவமழையில் பெறும் தமிழகத்தில், ஐப்பசியும் கார்த்திகையும்தான் தொட்டிச் செடிக்குச் சோதனைக் காலம். அந்தச் சோதனையில் செடி தேறுமா என்பது, நடும் முன்பே தொட்டிக்குள் நாம் போடும் கலவையில் முடிவாகிவிடுகிறது.

தொட்டி வளர்ப்பு மாடித் தோட்டக்காரர்களுக்கு மட்டும் உரியது அல்ல. பத்துக்குப் பத்தடி இடைவெளியில் டிராகன் பழம் நடுவதென்றால் ஏக்கருக்குச் சுமார் 430 முதல் 450 தூண்கள் வேண்டும். தூணுக்கு நான்கு செடி என்றால் ஏறத்தாழ 1,800 செடிகள். தூண், மேல் வளையம், சொட்டுநீர்க் குழாய், நாற்று எல்லாம் சேர்ந்தால் சிறு விவசாயிக்குப் பெரிய முதலீடு. அதில் இறங்கும் முன் நான்கைந்து தொட்டிகளில் வளர்த்துப் பார்த்தால், எந்த ரகம் நம் ஊர் வெயிலைத் தாங்குகிறது, இரவில் பூக்கும் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டியிருக்கிறதா, உள்ளூரில் பழம் விற்கிறதா என்பதெல்லாம் சிறு செலவில் தெரிந்துவிடும். பிறகு வயலில் நடும்போது, அந்தத் தொட்டிகளே தாய்ச் செடிகளாக நின்று தண்டுத் துண்டுகள் தரும். கரிசல், களிமண் பகுதிகளில் வீட்டுத் தேவைக்கு இந்தப் பழத்தை வளர்க்கவும் தொட்டிதான் எளிய வழி.

மரத்தில் தொற்றும் கள்ளி

டிராகன் பழம் கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பாலைவனக் கள்ளி அல்ல. மெக்சிகோவின் தென்பகுதியிலும் மத்திய அமெரிக்காவிலும் காட்டு மரங்களையும் பாறைகளையும் பற்றி ஏறும் கொடிக் கள்ளி. மரக்கிளைகளின் இடுக்கில் சேரும் இலைமக்குதான் அதற்கு மண். மழை பெய்தால் நனையும். நின்றதும் வடிந்து காற்றோட்டமாகிவிடும். எனவே செடியின் வேர் ஆழமாகப் போவதில்லை. மேல் ஓரடிக்குள்ளேயே பக்கவாட்டில் படர்கிறது. தண்டிலிருந்து கிளம்பும் காற்று வேர்கள் தூணைப் பற்றிக்கொள்கின்றன.

ஆகவே நமக்குத் தேவையானது, நனைந்தவுடன் வடிந்து, இலைமக்குபோல் சத்தும் கொஞ்சம் ஈரமும் வைத்திருக்கும் கலவை. தோட்டத்து மண்ணை அப்படியே அள்ளிப் போட்டால் சில மாதங்களில் இறுகிவிடும். வெறும் மணலில் சத்து நிற்காது. தென்னை நார்க் கழிவை மட்டும் நிரப்பினால் மழைக்காலத்தில் ஈரம் போகாது. மூன்றையும் அளவறிந்து சேர்க்க வேண்டும்.

பத்து வாளி அளவு

200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மைக் குறுக்காக வெட்டினால் 100 லிட்டர் தொட்டிகள் இரண்டு கிடைக்கும். ஒரு தொட்டிக்கு 10 லிட்டர் வாளியால் அளந்தால் கணக்கு எளிது:

செம்மண் – 3 வாளி
பருமணல் அல்லது உடைத்த செங்கல் சில்லு – 3 வாளி
நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் – 2 வாளி
கழுவிய தென்னை நார்க் கழிவு – 1 வாளி
கரித்த உமி – 1 வாளி

இத்துடன் வேப்பம் புண்ணாக்கு கால் கிலோ, எலும்புத் தூள் 200 கிராம் சேர்த்தால் போதும். எல்லாவற்றையும் தார்ப்பாயில் கொட்டி, மூன்று நான்கு முறை மண்வெட்டியால் புரட்ட வேண்டும். லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் மூடி 15 நாள் வைத்தால் புண்ணாக்கின் சூடு தணியும். சேர்த்த அன்றே நடக் கூடாது.

ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மழை அதிகமான கடலோர மாவட்டங்களில் செம்மண்ணில் ஒரு வாளியைக் குறைத்து, செங்கல் சில்லை ஒரு வாளி கூட்டலாம். காற்றும் வெயிலும் மிகுந்த இடங்களில் மணலில் ஒரு வாளியைக் குறைத்து, நார்க் கழிவை ஒரு வாளி கூட்டலாம். கரிசல் மண்ணையும் டெல்டா வண்டலையும் எந்த அளவிலும் சேர்க்க வேண்டாம். அவற்றில் உள்ள களி, மணலின் இடைவெளிகளை அடைத்துவிடும்.

பொருள்களைப் பக்குவப்படுத்துவது எப்படி?

மணல்: கடற்கரை மணல் கூடாது, உப்பு வேரைக் கருக்கும். எம்-சாண்ட் பயன்படுத்தினால் அதிலுள்ள பாறைத் தூளைச் சலித்து, கலங்கல் தெளியும்வரை கழுவ வேண்டும். அந்தத் தூள் சிமென்ட்போல் இறுகிவிடும். நமக்கு வேண்டியது அரிசி அளவிலிருந்து பட்டாணி அளவு வரையிலான பருக்கைகள். சூளையில் கிடைக்கும் உடைந்த செங்கல்லை இந்த அளவுக்கு நொறுக்கினால் மணலைவிட நல்லது. வடிகாலும் தரும், கொஞ்சம் ஈரமும் வைத்திருக்கும். சிமென்ட் பூச்சு ஒட்டிய கட்டட இடிபாடுகள் சுண்ணாம்புத் தன்மையைக் கூட்டும் என்பதால் தவிர்க்க வேண்டும்.

தென்னை நார்க் கழிவு: இதில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் இயல்பாகவே இருக்கும். உப்புத் தண்ணீரில் மட்டை ஊறவைத்த இடத்துச் சரக்கு என்றால் இன்னும் அதிகம். நல்ல தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து, அதுபோல் மூன்று முறை செய்ய வேண்டும். முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் இருக்கும். மூன்றாவது தண்ணீர் வெளுத்து வரும். கட்டியாக விற்கும் 5 கிலோ நார்க் கழிவு, ஊறினால் 60 லிட்டருக்கு மேல் உப்பும். ஆறு தொட்டிக்குக் காணும்.

தொழு உரம்: அரைகுறையாக மக்கிய சாணம்தான் தொட்டிச் செடிக்கு முதல் எதிரி. தொட்டிக்குள் அது மீண்டும் மக்கத் தொடங்கும்போது சூடு கிளம்பும். வேருக்கு வேண்டிய காற்றை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். காண்டாமிருக வண்டின் புழுக்களும் வரும். சாண வாடை போய், மண் வாடை அடித்து, கையில் ஒட்டாமல் உதிர்ந்தால் அது மக்கிய எரு.

கரித்த உமி: துளையிட்ட தகரக் குழாயை நட்டு, அடியில் தீ மூட்டி, சுற்றிலும் உமியைக் குவித்தால் உள்ளிருந்து வெளிப்புறமாகக் கருகிக்கொண்டு வரும். முழுவதும் கறுத்ததும் தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். வெள்ளைச் சாம்பலாக விட்டால் காரத் தன்மை ஏறிவிடும். இந்தச் செடிக்குக் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருப்பது நல்லது.

செம்மண்: சலித்து, நனைத்து, அரையடி உயரத்துக்குப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் நான்கு முதல் ஆறு வாரம் இருந்தால் நூற்புழுக்களும் அழுகல் பூஞ்சாணங்களும் பெருமளவு குறையும். அதே நேரத்தில், 100 கிலோ மக்கிய எருவுக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஈரம் காயாமல் நிழலில் வைத்து, நான்கு நாளுக்கு ஒரு முறை புரட்டினால் 15 நாளில் பூஞ்சாணம் எரு முழுவதும் பரவிவிடும். வேர் அழுகலுக்கு இது முன்கூட்டிய காவல்.

அடியில் ஜல்லி வேண்டாம்

தொட்டியின் அடியில் அரையடிக்கு ஜல்லி பரப்பி, மேலே மண் நிரப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது வடிகாலுக்கு உதவாது. நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர், அந்த மண் முழுதும் ஊறித் ததும்பாமல் கீழே உள்ள பெரிய இடைவெளிக்குள் இறங்காது. எனவே தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய ஈரப் பகுதி, ஜல்லிக்கு மேலே ஏறி வேரின் அருகில் வந்து நிற்கும். செடிக்குக் கிடைக்கும் மண்ணின் உயரமும் குறைந்துபோகும்.

ஜல்லியைக் கலவையோடு கலந்தால் பயன். தனி அடுக்காகப் போட்டால் நட்டம். அடியில் கட்டைவிரல் பருமனில் எட்டு முதல் பத்து துளை போட்டு, மண் கொட்டாமல் இருக்க நிழல்வலைத் துண்டு ஒன்றை விரித்தால் போதும். தொட்டியை மூன்று செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். தரையோடு ஒட்டிய துளை, துளை இல்லாததற்குச் சமம்.

நடும் முன் மூன்று சோதனை

முதலாவது, பிடிச் சோதனை. ஈரக் கலவையைக் கையில் அள்ளி இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டியதும் உதிர வேண்டும். உதிராவிட்டால் களி அதிகம். சில்லு சேர்க்க வேண்டும். உருண்டையே பிடிக்காவிட்டால் மணல் அதிகம். எரு சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, வடிகால் சோதனை. நிரப்பிய தொட்டியை ஒரு முறை முழுதும் நனைத்துவிட்டு, மறுநாள் ஐந்து லிட்டர் ஊற்றுங்கள். தண்ணீர் மேலே குளமாக நிற்காமல் இறங்கி, சில நிமிடங்களில் அடியில் வர வேண்டும். மேலேயே நின்றால் அந்தக் கலவையைக் கொட்டி மறுபடியும் கலப்பதுதான் வழி. செடி நட்ட பிறகு திருத்த முடியாது.

மூன்றாவது, பயறுச் சோதனை. கலவையில் இருபது பச்சைப்பயறு விதைத்து ஒரு வாரம் பாருங்கள். நன்றாக முளைத்து, இலை பசுமையாக விரிந்தால் கலவை தயார். முளை கருகினாலோ, இலை ஓரம் தீய்ந்தாலோ உப்பு அதிகம் அல்லது எரு மக்கவில்லை என்று பொருள். இன்னும் இரண்டு வாரம் ஈரத்தோடு ஆறப்போட்டு மீண்டும் விதைத்துப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் மண் பரிசோதனை நிலையத்தில் உப்பு நிலையையும் கார அமில நிலையையும் பார்த்துக்கொள்ளலாம்.

தூணும் நடவும்

கலவையை நிரப்பும்போதே தூணை நட்டுவிட வேண்டும். கான்கிரீட் நிரப்பிய மூன்றங்குல பி.வி.சி. குழாய் அல்லது கல்தூண், தொட்டிக்கு மேல் நான்கு அடி நின்றால் போதும். உச்சியில் பழைய இருசக்கர வாகன டயரைக் குறுக்குக் கம்பியில் பொருத்தினால் கிளைகள் குடைபோல் தொங்கும்.

முற்றிய, நோயற்ற தண்டிலிருந்து முக்கால் அடி முதல் ஓரடி நீளத் துண்டுகளை வெட்டி, ஒரு வாரம் நிழலில் உலர்த்த வேண்டும். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு, தண்டின் கீழ்ப்புறம் கீழேயே இருக்கும்படி இரண்டு அங்குல ஆழத்தில் நட்டுத் தூணோடு கட்டினால் போதும். ஆழமாக நட்டால் அழுகும். 100 லிட்டர் தொட்டிக்கு இரண்டு முதல் மூன்று துண்டுகள் போதுமானவை. சிவப்புச் சதை ரகங்களில் பல, தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. அதனால் இரண்டு மாறுபட்ட ரகங்களாவது அருகருகே இருப்பது நல்லது. ஆனியில் நட்டால், ஐப்பசி மழைக்குள் வேர்பிடிக்க மூன்று மாத அவகாசம் கிடைக்கும்.

மாடியில் வைப்போர் எடையைக் கணக்கிட வேண்டும். மேலே சொன்ன கலவை நனைந்தால் தூண் இல்லாமலே 100 கிலோவைத் தாண்டும். தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் அல்லது உத்தரம் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். கறுப்பு அல்லது நீல டிரம்முக்கு வெளியே வெள்ளையடித்தால் வேர்ச் சூடு குறையும். புயல் காற்றில் சாயாமல் தூணைக் கைப்பிடிச் சுவரோடு கட்டிவைப்பது அவசியம்.

மழைக்கு முன்னும் பின்னும்

கோடையில் மேல் மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகே தண்ணீர் விட வேண்டும். புரட்டாசி முடிவில் துளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பு நீக்கி, உரமிடுவதை நிறுத்த வேண்டும். அடைமழை நாட்களில் தொட்டியின் வாயை மட்டும் பாலித்தீன் தாளால் தண்டைச் சுற்றி மூடலாம். மழை விட்டதும் திறந்துவிட வேண்டும்.

அப்படியும் அடித்தண்டு அழுகினால் காத்திருக்கக் கூடாது. அழுகலுக்கு மேலே, வெட்டிய பரப்பு பழுப்புப் புள்ளி இல்லாமல் தெளிவாகத் தெரியும்வரை வெட்டி, காப்பர் ஆக்சிகுளோரைடு பசை பூசி, ஒரு வாரம் உலர்த்திப் புதிய கலவையில் நட்டால் செடி பிழைக்கும். அந்தப் பசையைத் டிரைக்கோடெர்மா உள்ள மண்ணில் ஊற்றக் கூடாது. அழுகிய தொட்டியின் மண்ணை அடுத்த தொட்டிக்குப் பயன்படுத்தவும் கூடாது.

எரு மக்க மக்க, கலவை ஆண்டுக்கு இரண்டு மூன்று அங்குலம் இறங்கும். தை மாதத்தில் மேல் மண்ணை வேர் அறுபடாமல் கையால் லேசாகக் கிளறி எடுத்துவிட்டு, மண்புழு உரமும் செங்கல் சில்லும் சம அளவில் நிரப்ப வேண்டும். மண்வெட்டி, களைக்கொத்து எதுவும் வேண்டாம். உணவு எடுக்கும் வேர் முழுவதும் அந்த மேல் மண்ணில்தான் இருக்கிறது. நன்கு பராமரித்தால் தண்டுத் துண்டில் வளர்ந்த செடி ஒன்றரை, இரண்டு ஆண்டில் பூக்கும். பூ விரிந்த இரவிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் பழம் பறிக்கலாம்.

இரண்டு பருவமழையை அழுகாமல் தாண்டிய தொட்டிகள், அடுத்து வயலில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் காட்டிவிடும்: மேட்டுப்பாத்தி அமைத்து, தண்ணீர் வெளியேற வழி விட்டு, அதன் பிறகு தூண் நடுவது. வடிகால் அமையாத நிலத்தில் எத்தனை தூண் நட்டாலும் பயன் இருக்காது.