பனைமரத்தை வீட்டிலேயே பிளந்து கொட்டில் அமைத்தல்

காலபோக நெல்லை அறுவடை செய்து மூடையாக்கிய பின், அதை வைக்க இடமின்றித் தார்ப்பாயால் மூடி முற்றத்திலே விட்டிருக்கும் கமக்காரர் பலர். வெங்காயமும் மிளகாயும், மருந்து தெளிக்கும் கருவியும், உரமும் அவ்வாறே வெயிலிலும் உப்புக்காற்றிலும் கிடந்து பழுதாகின்றன. கொட்டில் ஒன்று வேண்டுமென்பதை எவரும் அறிவர். மரத்தின் விலைதான் தடையாகின்றது. ஆயினும் மன்னார்த் தீவிலும் கரையோரத்திலும் காணியிலேயே நல்ல மரம் நிற்கின்றது. அதுவே பனை.

பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரம் பருமனிற் பெரிது. எனினும் அதன் உடல் நீரைத் தேக்கும் மெதுவான கட்டை. கட்டட வேலைக்கு ஆகாது. பனையோ ஒடுங்கியது, ஆனால் அதன் புறத்திலே வைரம் உண்டு. இந்த ஓர் உண்மையை மறவாதிருந்தால் பனைமர வேலை முழுவதும் எளிதாகும்.

புறம் வைரம், அகம் சோறு

முதிரை, பாலை, வேம்பு போன்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். புறத்தே வெளிறு இருக்கும். பனையில் இது தலைகீழ். அது நெல்லையும் தென்னையையும் போன்று ஒருவித்திலைத் தாவர இனம். கருமையான நார்க்கற்றைகள் புறவோரத்திலே நெருங்கியும், நடுவிலே ஐதாகியும் அமைந்துள்ளன. நடுவிலுள்ளது சோறு எனப்படும் மென்பகுதி. மேலும், அடிமரம் வலிது. மேலே போகப் போக வலிமை குறையும்.

பயிற்சி பெற்ற காலத்தில் நானே இதை உணராது, மற்ற மரங்களை அரிவது போலப் பனங்குற்றியின் நான்கு புறத்தையும் வாளாற் சீவி, நடுவைச் சதுரமாக எடுத்து வளையாக ஏற்றினேன். வைரம் முழுவதும் விறகாயிற்று. ஏற்றிய வளையோ முதல் மாரியிலேயே தொய்ந்தது. எனவே பனையை நடுவைக் காத்துச் சதுரித்தல் கூடாது. நீளவாட்டிற் பிளந்து, சோற்றை நீக்கி, புறத்தைக் காத்தல் வேண்டும்.

மரத்தைத் தெரிதல்

இளமரம் உதவாது. பல பத்தாண்டுகள் நின்று முற்றிய மரமே தகுந்தது. கோடாலியின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டினால் கணீரென்ற ஓசை எழ வேண்டும். பெண்பனையின் வைரம் ஆண்பனையினதிலும் கனமும் கருமையும் உடையது. ஆயினும் காய்க்கும் பெண்பனையைத் தறித்தல் குடும்பத்தின் உணவையும் வருவாயையும் தறிப்பதாகும். காய்ப்பு ஓய்ந்தது, காற்றில் விழுந்தது, முற்றிய ஆண்பனை ஆகியவற்றையே தெரிக. ஆண்பனை மரத்தைக் கடல்நீரில் ஊறவைத்து உறுதியேற்றும் வழக்கம் வடபகுதியில் உண்டு. அவ்வாறு செய்த மரத்தில் இரும்பாணி விரைவிற் துருப்பிடிக்கும் என்பதை நினைவிற் கொள்க.

உமது காணியில் நிற்பினும், தறிக்குமுன் கிராம அலுவலரிடம் அறிவித்துப் பிரதேச செயலகத்தின் அனுமதியைப் பெறுதல் வேண்டும்.

பிளத்தல்

பச்சையாக இருக்கும்போதே பிளத்தல் எளிது. அடியிலிருந்து 30 அடியைப் பத்தடி வீதம் மூன்று துண்டாக்குக. துண்டைக் குறுக்குக் கட்டைகள்மேல் உருளாதபடி கிடத்தி, கரி பூசிய நூலால் நேர்கோடு அடிக்கவும். அடிமுனையில் இரும்பு ஆப்பை இறக்கி, வெடிப்பு ஓடிய வழியே வன்மர ஆப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, இருபுறமும் மாறி மாறி அடித்துச் செல்க. முதலில் இரு பாதி, பின் நாற்கூறு, ஒவ்வொரு கூற்றையும் மூன்றாகப் பிளந்தால் ஒரு துண்டுக்கு 12 கீற்றுகள் கிடைக்கும். பின்னர் வாய்ச்சியாற் சோற்றை அடியோடு செதுக்குக. சோறு எஞ்சினால் கறையானுக்கும் வண்டுக்கும் அதுவே வாயிலாகும்.

பனஞ்சிராய் கையில் ஏறினால் புண் ஆறுதல் கடினம். தடித்த கையுறையும், சங்கிலிவாள் பாவிப்போர் கண்ணாடியும் அணிக. பனைநாரில் மணற்சத்து உண்டாதலால் வாள் விரைவில் மழுங்கும், அடிக்கடி அராவுக.

கீற்றுகளை நிலத்தில் தொடாமல், இடையிடையே குச்சி வைத்து, நிழலில் அடுக்கி இரண்டு மூன்று மாதம் காயவிடுக. வெயிலில் இட்டால் முறுக்கும்.

கொட்டிலின் கணக்கு

20 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள கொட்டிலை எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய மூன்று துண்டுகளும் 36 கீற்றுகளைத் தரும்.

கைமரம் — இரண்டரை அடிக்கு ஒன்றாக இருபுறமும் 18.
பக்க வளைகளும் முகட்டு வளையும் — 6. இவை அடித்துண்டிலிருந்தே எடுக்கப்படுதல் வேண்டும்; இணைப்புகள் கப்பின்மேல் அமைதல் வேண்டும்.
குறுக்குத் தீராந்தி — 3.
எஞ்சிய 9 கீற்றுகளையும் மும்மூன்றாகக் கீறினால் 27 சிலாகைகள்.

ஆகவே முற்றிய மரம் ஒன்று கூரைக்குப் போதுமானது. பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துக் கப்புகளும், முகட்டைத் தாங்க மூன்று நடுக்கப்புகளும் வேம்பாகவோ கொங்கிறீற்றாகவோ இருக்கலாம். மரக் கப்பை மண்ணில் நேரே புதையாது, கொங்கிறீற்று அடியில் இரும்புப் பட்டியாற் பிணைக்கவும். பனையில் ஆணியை நேரே அறைந்தால் நார் பிளக்கும், முன்னரே துளையிடுக. துத்தநாகம் பூசிய ஆணியே உப்புக்காற்றுக்கு ஏற்றது.

காற்றுக்குக் கட்டுதல்

மன்னாரில் வைகாசி முதற் புரட்டாதி வரை தென்மேற்குக் காற்று ஓயாது வீசும். மாரிமழை வடகிழக்கிலிருந்து வரும். எனவே கொட்டிலின் ஒடுங்கிய முகப்புகள் இவ்விரு திசைகளை நோக்கவும், வாசல் நீண்ட பக்கத்தில் இருக்கவும் அமைக்குக. ஓலைக் கூரைக்கு நல்ல சாய்வு வேண்டும்; அகலத்தின் பாதியளவு முகடு உயர்தல் நன்று.

1964 டிசெம்பரில் வந்த சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது, மன்னாரையும் தாக்கியது. கொட்டிலின் கூரை காற்றின் பாரத்தால் அழுந்துவதிலும், காற்றால் மேலே தூக்கப்பட்டே பெரிதும் அழிகின்றது. ஆதலால் கைமரத்தை வளையோடும், வளையைக் கப்போடும், கப்பை அடிக் கொங்கிறீற்றோடும் கம்பியாலோ பட்டியாலோ தொடர்ச்சியாகப் பிணைக்கவும். நான்கு மூலைகளிலும் சாய்வுக் கட்டை கொடுக்கவும். தகரம் வேய்வோர் இருமடங்கு கவனம் கொள்க.

ஒன்றுக்குப் பத்து

2009 இல் முடிவுற்ற போரிற் காவலரண்களுக்காகவும் எறிகணைகளாலும் வடக்கின் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. நாம் இன்று தறிப்பது பாட்டன் காலத்து வடலியை. ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தின் விதைகள் பத்தை, வேலியோரத்தில், மாரிக்கு முன் ஊன்றி, ஆடுமாடு கடியாது காக்கவும். கொட்டிலுக்கு ஓலை மாற்றும் காலந்தோறும் அவ்வடலிகளையும் சென்று பார்க்கவும். இன்று ஊன்றும் விதையின் மரம் நமக்கு உதவாது. பேரரின் நெல்லுக்குக் கூரையாகும்.